நான் இருந்தால் பேசும், போனால் ஊமை

"நான் ஒண்ணுமே பண்ணல சார், ஆன் மட்டும்தான் பண்ணேன்" என்று வாடிக்கையாளர் சொன்னால், இந்த வேலை கற்க வந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் நம்புவீர்கள்? மரியாதைக்காகக் கையைத் தூக்க வேண்டாம். நானும் நம்பியதில்லை. மேற்குத் தாம்பரத்தில் கணினி பழுது பார்க்கும் கடையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்த வாக்கியம் எந்தக் குரலில் வந்தாலும், 'எதையோ நோண்டிவிட்டு நம்மிடம் கதை விடுகிறார்கள்' என்றுதான் மனதுக்குள் ஓடும். வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு, "பரவாயில்ல, பாத்துடலாம்" என்பேன்.

அந்தத் திமிரை ஒரே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி மூன்று நாளில் இறக்கிவிட்டது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் நடந்தது இது. எந்தக் கட்டளையை எங்கே அடித்தேன் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் கைப்பேசியே சொல்லிவிடும். நம் தொழிலில் ஒரு நேரம் வரும். மூளை முழுக்கக் கலங்கிப் போயிருக்கும், அடுத்து என்ன செய்வதென்று ஒரு இழவும் தெரியாது, ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்போம். அப்படி நின்றபோது, ஒருத்தருடைய ஏழு வருஷ உழைப்பை முடக்கிப்போடுகிற பட்டன் மேல் என் விரல் இருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்குப் போன் வந்தது. கேளம்பாக்கத்திலிருந்து சுமதி என்பவர்.

"சார், என் கம்ப்யூட்டர் பேசல சார். ஏழு வருஷமா பேசிக்கிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள தீசிஸ் குடுத்தாகணும். ரெண்டு தடவை டைம் வாங்கிட்டேன், இனிமே தர மாட்டாங்க."

பேசவில்லை என்றால் ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். "மானிட்டர்ல என்னம்மா வருது?" என்று கேட்டேன்.

"மானிட்டர் மூணு வருஷம் முன்னாடியே போயிடுச்சு சார். எனக்குப் பார்வை கிடையாது, அது எதுக்கு எனக்கு?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடையிலிருந்த ஒரு மானிட்டரை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கயிற்றால் கட்டிக்கொண்டு, வண்டலூர் போய் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பினேன். அந்த மானிட்டருக்குக் காது இருந்திருந்தால் அந்த வாரம் நான் அந்த ரோட்டில் திட்டியதையெல்லாம் கேட்டு ஓடிப்போயிருக்கும்.

சுமதிக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. கடலோரக் குப்பத்துக் குடும்பம். அம்மா கன்னியம்மா இன்றைக்கும் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். மகள் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? மீன் விற்கிற பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதைப் பற்றி. அம்மாவையும் அம்மாவோடு உட்காருகிற பெண்களையும் ஏழு வருஷமாகப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். முந்நூறு பக்கத்துக்கு மேல்.

பெட்டியைத் திறந்து மானிட்டரை மாட்டியதும் விஷயம் விளங்கியது. அது பழைய பெட்டி. வாங்கும்போதே செகண்ட் ஹேண்ட். அதில் இரண்டு ஓ.எஸ்., அதாவது பெட்டியை இயக்குகிற மென்பொருள், இருந்திருக்கின்றன. இரண்டில் பழையதில்தான் தமிழைப் படித்துக் காட்டும் குரல் இருந்தது. அந்தக் குரலை விற்ற கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். முந்தின சனிக்கிழமை சுமதியின் சித்தி மகன் வீட்டுக்கு வந்திருக்கிறான். பெரிய ஐ.டி. ஆபீசில் வேலை. "அக்கா, இது ரொம்ப ஸ்லோவா இருக்கே" என்று பாசத்தில் தன் மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டி, மற்றதன் இடத்தில் புத்தம்புது ஓ.எஸ். ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மானிட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். எது வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்கிற பட்டியல் அதில் காணாமல் போயிற்று. பெட்டியை எப்போது போட்டாலும் நேரே புதுசுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு நின்றது. பழசு உள்ளே அப்படியே இருக்கிறது; வாசலைத்தான் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

நான் உடனே கெட்டிக்காரத்தனம் காட்டினேன். புதுசிலிருந்தபடியே பழைய பகுதிக்குள் புகுந்து ஆய்வேட்டைத் தேடி எடுத்தேன். திரையில் தமிழ் பளிச்சென்று வந்தது.

"இதோ இருக்கும்மா! ஒரு எழுத்து போகல!" என்றேன்.

"படிக்கச் சொல்லுங்க சார்" என்றார் சுமதி.

இலவசமாகக் கிடைக்கிற வேறொரு குரலை இறக்கிப் போட்டு, படி என்று விட்டேன். கர்புர்ரென்று இங்கிலீஷ் எழுத்துகளாகக் கொட்ட ஆரம்பித்தது. அந்தக் காலத்து ஃபாண்ட்டில் அடித்த தமிழ். கண்ணுக்குத்தான் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து.

மார்க்கெட்டிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, சாமி வந்த மாரி கத்துது?"

இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கிற யூனிகோடுக்கு மாற்ற வேண்டியதுதானே என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. மாற்றிப் பார்த்தேன். அடிக்குறிப்பெல்லாம் சிதறியது, ஒலிப்புக்காக சுமதி போட்டிருந்த குறிகளெல்லாம் கட்டம் கட்டமாக ஆனது. முந்நூறு பக்கத்தில் எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு அந்தப் பழைய குரல் வேண்டும்.

"யாராவது உக்காந்து படிச்சுக் காட்டினா, நீங்க திருத்தம் சொல்லலாமேம்மா" என்றேன்.

சுமதி தலையை ஆட்டி மறுத்தார். பிறகு சொன்னார்: "சித்தி பையனையே படிக்கச் சொன்னேன் சார். மார்க்கெட்ல அம்மா பேசினது வர்ற இடத்தப் படிக்கும்போது சிரிச்சிட்டான். அம்மா எழுந்து உள்ள போயிடுச்சு. அதுக்குப் படிக்கத் தெரியாது. அது பேசினதத்தான் நான் எழுதியிருக்கேன். குடுக்கறதுக்கு முன்னாடி அம்மா முழுசா கேக்கணும், தப்பா இருந்தா தப்புன்னு சொல்லணும். மெஷின் சிரிக்காது சார்."

 கோப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேனே, அது எவ்வளவு மடத்தனம் என்று அப்போது உறைத்தது. அவருக்கு வேண்டியது கோப்பு இல்லை, அந்தப் பழைய ஓ.எஸ். அதற்குள் போக ஒரு வழி.

மதியத்துக்குள் வழியைத் திறந்துவிட்டேன். காணாமல் போன பட்டியலை மறுபடி வரவழைத்தேன். அதோடு நிற்கவில்லை, ஒரு உபகாரமும் செய்தேன். பழசைப் பட்டியலில் முதலில் வைத்து, யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே அதற்குப் போகிற மாதிரி பண்ணினேன். பெட்டியைப் போட்டேன். ஒரு பீப். கொஞ்ச நேரம் கழித்து, "வணக்கம்" என்றது ஒரு தட்டையான ஆண் குரல். சுமதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மூன்று தடவையும் வணக்கம் சொன்னது.

"இனிமே நீங்க எதையும் தொட வேணாம்மா. ஆன் பண்ணா போதும், அதுவா பழசுக்குப் போயிடும்" என்றேன்.

"சரி சார்" என்றார்.

மானிட்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மாம்பாக்கத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன், கிளாஸ் கைக்கு வந்தது, போனும் வந்தது. "சார், பேசல சார்."

"என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். ஒரு தடவை அணைச்சுட்டு ஆன் பண்ணேன், அவ்வளவுதான்."

பார்த்தீர்களா, வந்துவிட்டது அந்த வாக்கியம். எதையோ நோண்டியிருக்கிறார் என்று முனகிக்கொண்டே திரும்பினேன். மானிட்டரை மாட்டிப் பார்த்தால் புது ஓ.எஸ். வந்து நிற்கிறது. அணைத்துப் போட்டேன். "வணக்கம்" என்றது. மறுபடியும் போட்டேன். வணக்கம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய் எல்லாம் மறந்துபோகிறதோ என்று புது பேட்டரி வாங்கிப் போட்டேன். ஐந்து தடவை சோதித்தேன். ஐந்து தடவையும் பேசியது. வெற்றியோடு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை மறுபடி போன். பேசவில்லை.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு பெட்டி பக்கத்துல வைங்கம்மா. இப்ப அணைச்சுட்டுப் போடுங்க" என்றேன். பீப் கேட்டது. ஃபேன் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. "எதாவது கீயை அமுக்கினீங்களா?" என்றேன். "இல்ல சார், ஆன் மட்டும்தான் பண்ணேன்" என்றார். குரலில் லேசாகக் கோபம் இருந்தது. இருக்காதா பின்னே.

போனேன். மானிட்டரை மாட்டினேன். போட்டேன். வணக்கம்!

அன்றைக்கு என் மண்டைக்குள் ஓடிய யோசனைகளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மானிட்டர் மாட்டினால் பேசுகிறது, கழற்றினால் பேசவில்லை, அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். மானிட்டரைக் கழற்றிவிட்டு நானே போட்டேன். பேசித் தொலைத்தது. சரி, கரண்ட்டுதான் என்றேன். பக்கத்து அறையில் மீன் வைக்கிற பெரிய ஃப்ரீசர் இருந்தது. அது ஓட ஆரம்பிக்கும்போது வோல்டேஜ் இறங்கிப் பெட்டி தடுமாறுகிறது என்று ஒரு கதை கட்டி, ஃப்ரீசரை அணைத்துவிட்டேன்.

கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னா சார் பண்ணிகினு கீற? உள்ள கீற மீனு நாறிப்போச்சுன்னா நீ வாங்கிக்கினு போவியா?"

ஃப்ரீசர் ஓடினாலும் பேசியது, ஓடாவிட்டாலும் பேசியது. நான் இருந்தால் எல்லாவற்றுக்கும் பேசியது. கடைசியில் பெட்டியையே தாம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் சாயந்திரம் வரை இருபது தடவைக்கு மேல் போட்டுப் போட்டு அணைத்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எங்கள் முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"என்னய்யா, ரெண்டு நாளா ஒரே பெட்டியக் கட்டிக்கிட்டு அழற? ஃபைலத் தனியா எடுத்து வெச்சுட்டு எல்லாத்தையும் அழிச்சிடு. புதுசு மட்டும் போட்டு அனுப்பு. வேலை முடிஞ்சுது."

"பழசுல இருக்கற குரல் போயிடும் சார். அது இனிமே எங்கயும் கிடைக்காது."

"அப்ப புதுசத் தூக்கிப் போடு. ரெண்டு இருக்கறதாலதானே குழப்பம்?"

அந்தப் பேச்சு எனக்கு நியாயமாகப் பட்டது. குழம்பிப்போனவனுக்கு யார் தெளிவான குரலில் பேசினாலும் நியாயமாகத்தான் படும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை பெட்டியோடும் மானிட்டரோடும் போய் இறங்கினேன். எல்லோர் முன்னாலும் போட்டேன். "வணக்கம்" என்றது. கன்னியம்மா கை தட்டினார். இந்தத் தடவை நான் மானிட்டரைக்கூடக் கழற்றவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும்தான் போனேன். போன் அடித்தது. நிலைக்கிறதா என்று பார்க்க சுமதி ஒரு தடவை அணைத்துப் போட்டாராம்; அந்தத் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும், அணைக்காமலே வைத்திருக்க முடியாது.

திரும்பி வந்தபோது வாசலிலேயே கன்னியம்மா பிடித்துக்கொண்டார். "நீ இருந்தா பேசுது, நீ போனா ஊமையா பூடுது. பேஜாரா கீது சார். பேசாம ஒரு பாய் போட்டுத் தரேன், இங்கயே படுத்துக்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் நின்றுவிட்டது. சுமதி நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும் வழிந்தது.

"சார், உண்மையச் சொல்லுங்க. போயிடுச்சா? போயிடுச்சுன்னா சொல்லிடுங்க. அம்மா கேக்காமலே குடுத்துடறேன். என்ன தப்பு இருக்கோ இருந்துட்டுப் போகட்டும்."

நாளைக்கு நாலு மணி. என்ன பதில் சொல்வது? தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மூன்று நாளில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் போகலம்மா, இப்ப ஒரே வெட்டு" என்றேன். மளமளவென்று உள்ளே போய், புது ஓ.எஸ். இருக்கிற பகுதியை அடியோடு அழிக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். நிச்சயமாக அழிக்கலாமா என்று கேட்டது. விரல் எண்டர் மேல் இருந்தது.

எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, பெட்டி உயிர் பெறுவதற்கு வேண்டிய கோப்புகள் அந்தப் பகுதியில்தான் இருந்தன. அன்றைக்கு அமுக்கியிருந்தால் புதுசும் இல்லை, பழசும் இல்லை. என்ன தோன்றியதோ, கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்வோம் என்று, 'வேண்டாம்' என்பதை அமுக்கினேன், டிஸ்க்கை மாட்டுவதற்காகப் பெட்டியை அணைத்தேன். அதைப் புத்திசாலித்தனம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். பயம்தான். ஆனால் உங்களுக்குச் சொல்கிறேன்: ஒரு கோளாறு ஏன் வருகிறது என்று விளங்காத வரைக்கும், திரும்ப எடுக்க முடியாத எந்த வேலையையும் செய்யாதீர்கள். முதலாளி திட்டட்டும். வாடிக்கையாளர் அழட்டும். கையை எடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கை எடுக்கப் பையைத் துழாவும்போது கன்னியம்மா ஒரு தட்டை என் மடியில் வைத்தார். கிழங்கா மீன் வறுவல், ஐந்தாறு துண்டு.

"காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ. துன்னுட்டு அப்பறமா வேலையப் பாரு."

வேண்டாம் என்றால் அவர் விடுகிற ஆள் இல்லை. சாப்பிட ஆரம்பித்தேன். இரண்டு கையிலும் எண்ணெய், மசாலா.

சுமதிக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க சாப்புடறதுக்குள்ள நான் ஒரு தடவை ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?"

"பாரும்மா" என்றேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

சுமதி குனிந்து ஸ்விட்சைப் போட்டார். பீப் என்றது. பட்டியல் வந்தது. பழசு மேலே, புதுசு கீழே. மேலே இருந்த நீல வெளிச்சம் பொசுக்கென்று ஒரு படி கீழே இறங்கியது. அடுத்த நொடி பட்டியல் மறைந்தது, புது ஓ.எஸ். திறக்க ஆரம்பித்தது.

வாயில் மீனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இப்ப என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். ஆன் பண்ணேன்."

"இல்லம்மா, கோச்சுக்காதீங்க. மறுபடி ஒரு தடவை போடுங்க. நான் உங்க கையப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அணைத்துப் போட்டார். ஸ்விட்சிலிருந்து வந்த கை நேராகக் கீபோர்டின் ஓரத்துக்குப் போயிற்று. பீப் கேட்டது. கொஞ்சம் பொறுத்து நடுவிரல் கீழ் அம்பை ஒரு தடவை தட்டியது, சுண்டுவிரல் எண்டரைத் தட்டியது. கை மடிக்குத் திரும்பிவிட்டது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கீழ் அம்பு அமுக்கி எண்டர் தட்டினீங்களேம்மா!"

"ஆமா." அவருக்கு என் ஆச்சரியமே புரியவில்லை. "அது அமுக்கறது இல்லையே சார். அது ஆன் பண்றதுதானே?"

ஏழு வருஷத்துக்கு முன்னால் பெட்டியை வாங்கிய அன்றைக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: ஸ்விட்சைப் போடு, பீப் வரட்டும், கீழ் அம்பு ஒன்று, எண்டர். அன்றைக்குப் பட்டியலில் பழசு இரண்டாவதாக இருந்திருக்கிறது. அன்று முதல் தினமும் அதுதான். அவர் விரல் அதைச் செய்வது அவருக்கே தெரியாது. நீங்கள் வண்டியை எடுக்கும்போது ஸ்டாண்டைத் தள்ளிவிட்டீர்களா என்று கேட்டால் உங்களுக்கு நினைவிருக்குமா? நான் உபகாரம் பண்ணுகிறேன் பேர்வழி என்று பழசைத் தூக்கி முதலில் வைத்தேன். அவர் விரல் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்து புதுசுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுமதி ஒரு பொய்யும் சொல்லவில்லை.

வெட்கமான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. கண் தெரியாத ஒருத்தர், மானிட்டர்கூட இல்லாமல், திரையில் வருகிற பட்டியலில் எப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தார்? சின்னக் குழந்தைக்குக்கூட வரவேண்டிய கேள்வி. மூன்று நாளில் எனக்கு வரவில்லை. அவர் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோன ஒவ்வொரு தடவையும், "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று நானே போட்டேன். பார்வையில்லாதவருக்கு உதவுகிறோம் என்கிற நினைப்பு. அந்த மரியாதைதான் என் கண்ணை மறைத்தது. கேளுங்கள், எந்தக் கோளாறானாலும் முதல் தடவை வாடிக்கையாளர் கையால் செய்யச் சொல்லுங்கள். உங்கள் கை அவர் பெட்டியைத் தொடவே கூடாது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாவிட்டால் யாரையாவது மீன் வறுத்துத் தரச் சொல்லுங்கள்.

"இனிமே அம்பு அமுக்க வேணாம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். முயன்றார். இரண்டு தடவை கை தானாகவே போனது. மூன்றாவது தடவை ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. "விடுங்கம்மா. நீங்க மாற வேணாம், பெட்டிய மாத்திடலாம்" என்றேன். எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பழசை மறுபடி இரண்டாவது இடத்துக்கு இறக்கினேன். வேலை இரண்டு நிமிஷம்கூட இல்லை.

பிறகு மானிட்டரைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். "இப்ப நீங்க போடுங்கம்மா."

போட்டார். பீப் என்றது. விரல் தட்டிய சத்தம் இரண்டு தடவை கேட்டது. அதற்கப்புறம் எதுவுமே கேட்கவில்லை. பார்க்கத் திரை இல்லை. உள்ளே என்ன நடக்கிறது, எங்கே போகிறது, ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு பெட்டி முன்னால் நான் அப்படிப் பயந்ததில்லை. சுமதி அமைதியாக இருந்தார். அவருக்கு அது தினமும் நடப்பது.

"வணக்கம்."

கன்னியம்மா ஓடி வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். நான் எழுந்து போய் வாசலில் நின்றேன். சந்தோஷமா, அவமானமா என்று தெரியாமல் கண் கலங்கியிருந்தது.

உள்ளே குரல் படிக்க ஆரம்பித்தது. சுமதி கேட்கிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. விர்ரென்று பறந்தது. மானிட்டரை எடுக்க உள்ளே போனபோது அவர் வேகத்தைக் குறைத்திருந்தார். "அம்மா, இங்க வந்து உக்காரு. இது நீ பேசினது" என்றார். கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தட்டையான ஆண் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், செய்தி வாசிக்கிற மாதிரி படித்தது: "மீனு செவுள தொறந்து தொறந்து பாக்குற. இன்னா, உள்ள உன் மாமியாரா கீறா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டேன். கன்னியம்மா சிரிக்கவில்லை. கூர்ந்து கேட்டார்.

"இது யாரு சொன்னதுன்னு எழுதிக்கீற?"

"நீதாம்மா. டேப்ல உன் குரல்தான்."

"நான் சொன்னேன். ஆனா அது என் பேச்சு இல்ல. பக்கத்துல குந்துறாளே தனம், அவ பேச்சு. அவள மாரி நான் சும்மா பேசிக் காட்னேன். அவ வார்த்தைய என் பேர்ல போட்டா இன்னாடி நாயம்? ஊர் சிரிக்காது? தனம் பேரப் போடு."

சுமதி குரலை நிறுத்தினார்.  "டேப்பை நூறு தடவை கேட்டிருப்பேன்மா. எனக்குத் தெரியலையே" என்றார்.

"என்னக் கேட்டியா நீ?" என்றார் கன்னியம்மா. "செரி, மேல படிக்கச் சொல்லு. இன்னும் எங்கெங்க என் தலைல கட்டிக்கீறியோ."

நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். மறுநாள் மூன்றரை மணிக்கு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டதாக சுமதி போன் செய்தார். பதினேழு இடத்தில் பேர் மாறியிருந்தது. ஒன்பது இடத்தில் தனம்.